தீம் பார்க் கேட்டில் எதையெல்லாம் நிறுத்துவாங்க? பாலக்கோட்டிலிருந்து 38 பேர்

தக்காளி மண்டி, பாலக்கோடு

மே லீவுக்கு பெங்களூரு தாண்டி பிடதியில் இருக்கிற வொண்டர்லாவுக்கு ஒரு பஸ் பேசியாச்சு. சொந்தபந்தம் எல்லாம் சேர்த்து 38 பேர். அதில் 11 பசங்க, ஒன்றரை வயசுக் குழந்தை ஒண்ணு, தினமும் இன்சுலின் போட்டுக்கிற பெரியப்பா ஒருத்தர். பெண்களில் பாதிப் பேர் புடவை தவிர வேற உடுத்தாதவங்க.

வெளிச் சாப்பாடு விடமாட்டாங்கன்னு தெரியும். மத்ததுதான் குழப்பம். வீட்டு ஆளுங்க இப்பவே போட்டு வச்சிருக்கிற லிஸ்ட்: ஒரு அண்டா புளிசோறு, 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, ஒரு கூடை மாம்பழம், கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய், குழந்தைக்கு பிளாஸ்க்கில் ராகிக் கஞ்சி, இன்சுலின், ஊசி, ப்ளூடூத் ஸ்பீக்கர், குடை, மாத்துத் துணி மூட்டை. இதில் எது கேட்டைத் தாண்டும், எதை பஸ்லயே விடணும், எதை வீட்டை விட்டே எடுக்கக் கூடாது? காரணத்தோட சொல்லுங்க. சும்மா "ரூல்ஸ்"னு சொன்னா எங்க அத்தை கேட்கமாட்டாங்க.

நீர்த்தொட்டி

எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா வச்சுப் பார்க்கிறதுதான் முதல் தப்பு. தடுப்பு ஒண்ணில்ல, மூணு. வெளி கேட்டில் பையைப் பார்ப்பாங்க. தண்ணியில் இறங்குற இடத்தில் உடம்பில் என்ன இருக்குன்னு பார்ப்பாங்க. ரைடு மேடையில் பாக்கெட்டைப் பார்ப்பாங்க. முதல் தடுப்பைத் தாண்டின பொருள் ரெண்டாவதில் மாட்டும், பாதித் தகராறு அங்கதான் வரும். மூட்டை கட்டும்போதே மூணையும் மனசில் வச்சுக் கட்டுங்க.

கேட்டில் பெரிசா யோசிக்க ஒண்ணுமில்ல. சாராயம், பீடி, சிகரெட், ஹான்ஸ் வகையறா, தீப்பெட்டி, லைட்டர், கத்தி, பட்டாசு, கண்ணாடி பாட்டில், சமைச்ச சாப்பாடு, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் நிக்கும். மாம்பழக் கூடையோட ஒரு கத்தியும் கூடவே வருமே, அதை மறந்துடாதீங்க. பை அடியில் துணிக்குள்ள சுத்தி வச்ச கத்தி சோதனையில் வெளிய வந்தா, உங்க பஸ் ஆளுங்க எல்லார் பையையும் மறுபடி கொட்டிப் பார்ப்பாங்க.

ஊறுகாய் பாட்டில் ஏன் கூடாதுன்னு அத்தைக்கு இப்படிச் சொல்லுங்க. கண்ணாடி தண்ணிக்குள்ள உடைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. கையால் துழாவிப் பொறுக்கவும் முடியாது. தொட்டித் தண்ணி மொத்தத்தையும் இறக்கி, தரையைக் கூட்டி, திரும்ப நிரப்பி, குளோரின் அளவு சரியாகிற வரைக்கும் யாரையும் இறக்க முடியாது. ஒரு பாட்டிலால் அன்னிக்கு அலைக்குளம் மூடிடும். அதனாலதான் கண்ணாடின்னா பேச்சே கிடையாது.

ரெண்டாவது தடுப்பு தண்ணி. இங்க துணிதான் விஷயம். நைலான், பாலியஸ்டர், லைக்ரா கலந்த உடம்போட ஒட்டின துணி வேணும். காட்டன் சுடிதார், புடவை, வேட்டி, லுங்கி, ஜீன்ஸ் ஆகாது. வெட்கம், நாகரிகம்னு யாரும் இந்த விதியைப் போடலை. காட்டன் தண்ணியை உறிஞ்சி கனத்துடும், சறுக்கில் பாதியில் ஆள் நின்னுடுவாங்க, பின்னாடி வர்றவர் வந்து மோதுவார். அதோட காட்டன் நூல் பிரிஞ்சு பஞ்சாப் போய் ஃபில்டரை அடைக்கும். ஜீன்ஸில் இருக்கிற பித்தளை ரிவெட்டும் ஜிப்பும் சறுக்கோட ஃபைபர் மேல்பூச்சைக் கீறும். ஒருத்தர் கீறினது அடுத்து வர்றவர் முதுகில் சிராய்ப்பா நிக்கும்.

அடுத்தது யாரும் லிஸ்ட்டில் எழுதாதது: தாலிச் சரட்டில் தொங்குற ஊக்கு. நம்ம பக்கம் பெண்கள் அவசரத்துக்குன்னு ரெண்டு மூணு கோத்து வச்சிருப்பாங்க. காத்தடிச்ச ட்யூபில் உட்கார்ந்து சறுக்கும்போது அந்த ஊக்கு திறந்துச்சுன்னா ட்யூபும் போச்சு, தோலும் போச்சு. வீட்டிலேயே கழட்டிடுங்க. தாலியைக் கழட்டச் சொல்லவேண்டாம், கழுத்து வரை மூடின இறுக்கமான நைலான் மேல்சட்டைக்குள்ள போட்டுக்கட்டும். மேல டேப் ஒட்டறது வேஸ்ட், நனைஞ்சதும் பிரிஞ்சுடும். கொலுசு, வளையல், தொங்கட்டான் வேண்டாம். பசங்களுக்கு அரைஞாண் கயிறா இருந்தா பரவாயில்ல, வெள்ளிக் கொடியும் தாயத்தும் இருந்தா கழட்டி வச்சுட்டுப் போங்க. குளோரின் பட்டா வெள்ளி கறுக்கும், கவரிங் சாயம் விட்டுடும்.

தலையில் எண்ணெய் வேண்டாம். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது வேற, அது ஓடுற ஆறு. தொட்டியில் அதே தண்ணிதான் ஃபில்டர் வழியா சுத்திச் சுத்தி வருது. எண்ணெய் குளோரினைத் தின்னும், ஓரத்தில் பிசுக்காப் படியும், ஃபில்டர் மணலைக் கட்டியாக்கும்.

மூணாவது, ரைடு மேடை. செல்போன், மூக்குக்கண்ணாடி, தொப்பி, சில்லறை, பேனா, சாவிக்கொத்து எல்லாம் லாக்கரில். 30 மீட்டர் உயரத்தில் இருந்து விழுற பொருள், காத்துத் தடையை விட்டுக் கணக்குப் போட்டா, மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கீழ வரும். கீழ வரிசையில் நிக்கிறவங்க தலைக்கு ஒரு செல்போன் போதும். கோ-கார்ட்டில் உட்காருறதா இருந்தா துப்பட்டா கூடவே கூடாது, முடியைக் கொண்டை போட்டுச் சட்டைக்குள்ள தள்ளணும். பின் அச்சு சுத்திக்கிட்டே இருக்கும், துணி நுனி சிக்கினா விடாது.

காவேரிப்பட்டணம் அக்கா

நீர்த்தொட்டி அண்ணா சொன்னது சரி. குழந்தைக்கும் பெரியவருக்கும் நான் சொல்றேன் தம்பி.

கஞ்சியை மத்த சாப்பாட்டுப் பையில் வைக்காதீங்க. குழந்தைக்குன்னு ஒரு சின்னப் பை: பிளாஸ்க், கிண்ணம், ஸ்பூன், ரெண்டு செட் துணி, டயப்பர். குழந்தையை யார் தூக்கிட்டு வர்றாங்களோ அவங்க தோளிலேயே அந்தப் பை இருக்கணும். குழந்தை முன்னாடி, பை பின்னாடி வேற ஆள்கிட்ட வந்தா, அது "வெளிச் சாப்பாடு" ஆயிடும், விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணும்.

பிளாஸ்க்கில் முதல்ல கொதிக்கிற தண்ணியை ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வையுங்க. அதைக் கொட்டிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைக் கழுத்து வரை நிரப்புங்க. அரை பிளாஸ்க்கா விட்டா சீக்கிரம் ஆறும். கஞ்சி 60 டிகிரிக்குக் கீழ இறங்கிட்டா கிருமி பெருக ஆரம்பிக்கும், அதனால திறந்து பார்க்கும்போது கை சுடுற சூடு இல்லைன்னா கொட்டிடுங்க. பால் ஊத்தின கஞ்சி வேண்டாம், தண்ணிக் கஞ்சியே போதும். காலையில் வச்சதை மதியத்துக்கு மேல கொடுக்காதீங்க.

சாதாரண டயப்பரோட குழந்தையைத் தண்ணியில் விடவே கூடாது. அது தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு பூசணிக்காய் மாதிரி உப்பிக் கிழியும், உள்ள இருக்கிற ஜெல் ஜவ்வரிசி மாதிரி வெளிய கொட்டும். நீச்சல் டயப்பர்னு தனியா விக்கிறாங்க, உறிஞ்சாது, மலத்தை மட்டும் தாங்கும். ஓசூரில் பெரிய கடையில் கிடைக்கும், ஆன்லைனில் வாங்கினா ஒரு வாரம் முன்னாடியே போடுங்க. நாலு இருந்தா ஒரு நாளைக்குப் போதும்.

பெரியப்பா விஷயத்தில் கொஞ்சம் கவனம். டாக்டர் சீட்டோட ஜெராக்ஸ் ஒண்ணு, மருந்தை அதோட அட்டைப் பெட்டியிலேயே, ஊசியும் அதே பையில். திறந்து பயன்படுத்துற இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழ இருந்தா 28 நாள் வரை தாங்கும். ஆனா மே வெயிலில் நிறுத்தி வச்ச பஸ் உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும், பஸ்ஸில் மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க. ஐஸ் பேக்கோட நேரா ஒட்டியும் வைக்கக் கூடாது. உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகினாலும் உதவாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மெல்லிசு துண்டில் சுத்தி, அப்புறம் ஐஸ் பேக், அப்புறம் பை. போட்ட ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடியோட ஒண்ணு கொண்டுபோய் அதில் போட்டு வீட்டுக்கே கொண்டாந்துடுங்க. சர்க்கரை இறங்கினா கொடுக்க குளுக்கோஸ் பாக்கெட்டும் நாலு பிஸ்கட்டும் அதே பையில் இருக்கட்டும். மருந்தோட சேர்ந்திருந்தா கேள்வி கேட்கமாட்டாங்க, கேட்டாலும் சீட்டு இருக்கு.

முக்கியமா, அவரை வெறுங்காலோட நடக்க விடாதீங்க. தொட்டியைச் சுத்தி சிமெண்ட் தரை மத்தியானம் தோசைக்கல்லு. சர்க்கரைக்காரங்க பல பேருக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும், சுட்டாலும் தெரியாது. சாயங்காலம் செருப்பு போடும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பீங்க. ரப்பர் செருப்போ, பின்பட்டை வச்ச செருப்போ எடுத்துக்கச் சொல்லுங்க.

புளிசோறு பஸ்ஸுக்கு மட்டும். வடிச்ச சோத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் கூட விட்டுக் கிளறி, அப்புறம் அண்டாவில் போடுங்க. சூடா மூடினா ஆவி தண்ணியா இறங்கி அடியில் நொசநொசன்னு ஆயிடும், கெடறது அங்கிருந்துதான். தேங்காய்ச் சட்னி, முட்டை வேண்டாம். காலையில் பார்க் போறதுக்கு முன்னாடி ஒரு வேளை. மிச்சத்தை சாயங்காலம் வரைக்கும் பஸ்ஸில் வச்சு திரும்ப வரும்போது தின்னலாம்னு நினைக்காதீங்க.

ஊத்தங்கரை வக்கீல்

சட்டப்படி எது செல்லும் என்பதையும் பதிவு செய்கிறேன். திரையரங்குகளில் வெளி உணவைத் தடுப்பது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 3.1.2023 அன்று தீர்ப்பளித்தது. திரையரங்கு தனியார் சொத்து, உள்ளே என்ன கொண்டுவரலாம் என்ற நிபந்தனையை உரிமையாளர் விதிக்கலாம் என்றது. கூடவே இரண்டு விஷயம் சொன்னது: சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பெற்றோருடன் வரும் சிறு குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுசெல்லலாம். அது தீம் பார்க்கைப் பற்றிய வழக்கு அல்ல, ஆனால் வாதம் இங்கும் பொருந்தும். அத்தையின் அண்டாவுக்கு அதில் இடமில்லை, கஞ்சி பிளாஸ்க்குக்கு உண்டு.

காவலாளி உங்களை உள்ளே விட மறுக்கலாம். பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் தனியார் காவலாளிக்குக் கிடையாது. "பஸ்ஸில் வைத்துவிட்டு வருகிறோம்" என்று திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டில் விட்டுச் செல்வதானால் டோக்கன் கேளுங்கள்.

உள்ளே தண்ணீர் பாட்டில் விலை அதிகம் என்று புகார் வருவது வழக்கம். ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்ற விதி 1.1.2018 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் ஓட்டல், உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. எனவே மேசையில் கொண்டுவந்து வைத்த பாட்டிலுக்குச் சண்டை போட்டுப் பயனில்லை. கவுன்ட்டரில் நின்று வாங்கிய பாட்டிலுக்கு அச்சிட்ட விலையை விடக் கூட வாங்கினால் பில்லையும் லேபிளையும் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பில் இல்லாத புகார் நிற்காது. சமைத்த உணவுக்கு எம்.ஆர்.பி. என்ற ஒன்றே இல்லை, பிரியாணி விலைக்கு இந்த வழி உதவாது.

தக்காளி மண்டி, பாலக்கோடு

ஊக்கு விஷயம் படிச்சதும் அத்தை கழுத்தைப் பார்த்தேன், மூணு இருக்கு. நன்றி. ஒரு சந்தேகம். அமெரிக்காவில் இருக்கிற மாமா பையன் "டிஸ்னியில் சாப்பாட்டை விடறாங்களே, இங்க மட்டும் ஏன்?"னு கேட்கிறான். அப்புறம் 38 பேருக்கு எத்தனை லாக்கர், எத்தனை பை?

பாகலூர் ரோடு, ஓசூர்

டிஸ்னி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடையாது. புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், சூடு பண்ணத் தேவையில்லாததா, கண்ணாடி டப்பா இல்லாததா இருக்கணும். டோக்கியோ டிஸ்னிலேண்டில் வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்ல, கேட்டுக்கு வெளிய உட்கார்ந்து சாப்பிட இடம் வச்சிருக்காங்க. அதனால "வெளிநாட்டில் விடறாங்க"ங்கிறது அரை உண்மை. சாப்பாட்டை விடற புளோரிடாவிலேயே மத்ததில் கெடுபிடி அதிகம். செல்ஃபி ஸ்டிக் 2015லேயே தடை. 2019 மே 1 முதல் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல இருக்கிற குழந்தை வண்டி கூடாது, இழுவை வண்டி கூடாது, கொட்டின ஐஸ் கட்டி கூடாது. ஐஸுக்கு என்ன பகைன்னு நினைக்கலாம். பெட்டி நிறைய ஐஸ் இருந்தா அடியில் என்ன இருக்குன்னு துழாவிப் பார்க்கணும், வரிசை நிக்கும். திரும்பத் திரும்ப உறைய வைக்கிற ஐஸ் பேக்னா விடுவாங்க.

உங்க ரெண்டாவது கேள்விக்கும் விடை அந்த வரிசைதான். ஒரு பையைத் திறந்து பார்க்க அரை நிமிஷம்னு வையுங்க. 38 பேரும் ஆளுக்கொரு பை மாட்டிட்டு வந்தா 19 நிமிஷம், உங்க குடும்பம் மட்டும். எட்டுப் பையா சுருக்கினா நாலே நிமிஷம். குடும்பத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல குழந்தைப் பை ஒண்ணு, மருந்துப் பை ஒண்ணு. மூட்டை வேண்டாம், ஜிப் வச்ச பை. முடிச்சுப் போட்ட மூட்டையை அவுக்க வச்சு, திரும்பக் கட்டுறதுக்குள்ள பின்னாடி நிக்கிறவங்க திட்டுவாங்க.

லாக்கர் ஆளுக்கொண்ணு எடுக்காதீங்க, ஆறேழு பேருக்கு ஒண்ணு போதும். முதல்லயே எல்லாரும் நைலான் துணியை உள்ள போட்டு, மேல சாதாரணத் துணி போட்டுட்டு வந்தா உடை மாத்துற இடத்தில் ஒரு தரம் நிக்கிறது மிச்சம். லாக்கரில் அடியில் மாத்துத் துணி, மேல துண்டு, ஓரத்தில் செல்போன், பணம். திரும்பத் திரும்பத் திறக்க வேண்டிய பொருளை முன்னாடி வையுங்க. சாவியைக் கையில் கட்டுற ஆள் தண்ணிச் சறுக்குக்குப் போகாத ஆளா இருக்கட்டும், உங்க பெரியப்பா மாதிரி. சாவி தொலைஞ்சா அபராதம், அதோட பூட்டைத் திறந்து கொடுக்கிற வரைக்கும் நனைஞ்ச துணியோட நிக்கணும்.

செல்போனுக்கு வாட்டர் ப்ரூஃப் பை வாங்கினா கடையில் சொல்றதை நம்பாதீங்க. வீட்டில் டிஷ்யூ பேப்பரை மடிச்சு உள்ள வச்சு மூடி, பக்கெட் தண்ணியில் கல்லை வச்சு அரை மணி நேரம் அமுக்குங்க. பேப்பர் துளி ஈரமானாலும் அந்தப் பையைத் தூக்கிப் போடுங்க. பெரும்பாலும் மேல இருக்கிற க்ளிப் ஓரத்தில் மணலோ முடியோ சிக்கினாத்தான் கசியும், மூடுறதுக்கு முன்னாடி விரலால் துடைச்சுடுங்க. சறுக்கில் அதையும் கழுத்தில் தொங்க விடக் கூடாது, படம் எடுக்கிறது எல்லாம் கரையில்.

20 லிட்டர் கேன் பஸ்ஸில் இருக்கட்டும். ஆளுக்கொரு காலி ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்க, உள்ள குடிநீர்க் குழாயில் பிடிச்சுக்கலாம். நிரப்பின பாட்டிலை மோந்து பார்ப்பாங்க, காலின்னா ஒரு பார்வையோட முடிஞ்சுடும். ஸ்பீக்கரை வீட்டிலேயே விடுங்க. குடைக்குப் பதிலா தொப்பி. கூர்நுனிக் குடையைக் கூட்டத்தில் யாரும் விரும்பமாட்டாங்க.

நீங்க ராயக்கோட்டை வழியாத்தானே ஓசூர் வருவீங்க? அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், பெங்களூரைச் சுத்திப் போற நைஸ் ரோட்டில் ஏறினா மைசூரு ரோட்டில் இறக்கிடும், ஊருக்குள்ள மாட்ட வேண்டாம். புளிசோத்தை ஓசூருக்கு முன்னாடியே எங்கயாவது நிழலில் நிறுத்திச் சாப்பிட்டுடுங்க. நைஸ் ரோட்டில் நிறுத்திச் சாப்பிட இடம் கிடையாது. டிரைவர்கிட்ட கர்நாடக பெர்மிட் காகிதத்தை முதல் நாளே காட்டச் சொல்லுங்க.

தக்காளி மண்டி, பாலக்கோடு

பெர்மிட் கேட்டுட்டேன், இருக்கு. கடைசியா ஒண்ணு: மாம்பழம் வெட்டாம முழுசா கொண்டுபோனா?

நீர்த்தொட்டி

கத்தி இல்லாட்டியும் மாம்பழம் சாப்பாடுதான், கேட்டில் நிக்கும். அதோட சாறு ஒழுகின கையோட தண்ணியில் இறங்கினா ஈ மொய்க்கும். கூடையை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில், வெயில் படாம, மூடியைத் திறந்து வையுங்க. மூடி வச்சா சூட்டில் அடிப்பழம் சாயங்காலத்துக்குள்ள குழைஞ்சுடும். பாதி பழுத்த காயா பார்த்து எடுத்தா திரும்பி வரும்போது சரியா இருக்கும்.